கூடையில் கிடந்த பதினோரு ஸ்டூல்கள்

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் மெஷின்கள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மண்ணூர்பேட்டையில் மழையின் சத்தம் கேட்கும். மற்ற நாட்களில் தூறுகிறதா இல்லையா என்பதை வாசலுக்கு வந்து கையை நீட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று ஐப்பசி மழை விடியும்போதே ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளின்மேல் இறங்கி, பத்து மணியாகியும் வேகம் கூடாமல் குறையாமல் பெய்துகொண்டிருந்தது.

சுதா சமையல் மேடையின் முன்னால் சங்கரா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை, உட்காரவும் இல்லை. மூன்று இரும்புக் கால்களின்மேல் முன்பக்கம் லேசாகச் சரிந்திருந்த சின்ன இருக்கையில் உடம்பைச் சாய்த்துப் பாதங்களைத் தரையில் ஊன்றியிருந்தாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நிற்பது போலத்தான் தெரியும். ஆனால் அவள் உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் அந்த ஸ்டூல் வாங்கிக்கொண்டிருந்தது.

எஸ்டேட்டில் இருக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் அவள் பன்னிரண்டு வருடமாகச் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வரும் சட்டைகளை டேபிளில் விரித்து, தையல் விட்டுப்போன இடத்திலும் கோணிய இடத்திலும் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, 'ஆல்டர்' என்று திருப்பி அனுப்ப வேண்டும். உட்கார்ந்தால் கண் தப்பிவிடும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. அதனால் ஒன்பது மணி நேரமும் நின்றபடிதான் வேலை. கெண்டைக்கால் நரம்புகள் பச்சை நூல்கண்டாகச் சுருண்டுபோய்விட்டன. நிற்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாம் முறை அவள் டாக்டரிடம் போகவில்லை. வீட்டுக்கு வந்தாலும் அடுப்பின் முன் நிற்க வேண்டும். அதைப் பார்த்துச் சகிக்காமல்தான் அவள் கணவன் தேவா போன ஆனி மாதத்தில் அந்த ஸ்டூலைச் செய்தான்.

தேவா வெல்டர். வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு திருமழிசையில் ஒரு ஷெட்டின் மூலையை வாடகைக்கு எடுத்து, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுதாவின் ஸ்டூலில் ஒரு தரம் சாய்ந்து பார்த்துவிட்டு, எழுந்திருக்க மனமில்லாமல் கதை பேசுவதைப் பார்த்து, இதை விற்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. இணையத்தில் ஒரு கடை. அதில் ஒரே ஒரு பொருள்.

கடை திறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. சுதா கம்பெனிப் பெண்களுக்கெல்லாம் அதன் லிங்கை அனுப்பியிருந்தாள். ஒரு ஆர்டரும் வரவில்லை.

முந்தாநாள் சுதாவின் கம்பெனியில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கம்பெனி பெரியபாளையத்துக்கு அப்பால் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. கூட வர விரும்புகிறவர்கள் அடுத்த சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். காலை ஐந்தேகாலுக்கு மண்ணூர்பேட்டை ஸ்டாப்பிங்கில் கம்பெனி பஸ் வரும், இரவு எட்டு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். கையெழுத்துப் போடாதவர்கள் கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

"வாரத்துக்குப் பத்து ஸ்டூலு போச்சுன்னா வெய்யி, நீ கையெழுத்து போடவே தேவையில்ல" என்று தேவா சொல்லியிருந்தான். இப்போது அவன் கட்டிலில் சம்மணம் போட்டு, போனை மூக்கருகில் வைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது. யூசுப் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தான். பூந்தமல்லியில் பைக் சீட் தைக்கிறவன், தேவாவோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். ஸ்டூல்களுக்கு ரெக்ஸின் இருக்கை தைத்துக் கொடுப்பது அவன்தான். கையில் தைத்து முடித்த ஆறு இருக்கைகளைக் கயிற்றில் கோர்த்துக் கொண்டுவந்திருந்தான்.

"இன்னா மாமே, எத்தினி வித்துகீற?"

"சொம்மா இருடா. ரிப்போர்ட் பாத்துகினு கீறேன்."

"விக்கவே இல்ல, அதுக்கு ரிப்போர்ட்டு வேற."

"தபார், இதுல போட்டுகீது. தமிழ்ல மாத்தினேன்." தேவா படித்தான். "கைவிடப்பட்ட கூடைகள், பதினொண்ணு."

"அப்டீன்னா?"

"பதினோரு பேரு ஸ்டூல கூடையில போட்டுட்டு, துட்டு கட்டாம அப்டியே வுட்டுட்டுப் போய்ட்டாங்கோ."

"யாரு அவங்கோ?"

"அது தெரியாது. பேரு, ஊரு ஒண்ணியும் குடுக்கல. கூடையில போட்டது மட்டும்தான் தெரியுது."

யூசுப் இருக்கைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். "கைவிட்டுட்டாங்கோன்னு போட்டுகீறான் பாரு. கோயில் வாசல்ல புள்ளைய வுட்டுட்டுப் போன மாறி."

சுதா சிரித்துவிட்டாள். தேவாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மேல் பிளான் வாங்கினா, கூடையில வுட்டுட்டுப் போனவங்கள தொரத்திப் புடிக்கறதுக்கு வழி கீதாம். மாச வாடகை ஜாஸ்தி. நாளான்னிக்கு ட்ரையல் முடியுது. இதையே வெச்சுக்கலாமா, வேற சாஃப்ட்வேர் மாத்தறதான்னு முடிவு பண்ணணும்."

தேவா மூன்று சாஃப்ட்வேர்களை எடுத்து, மூன்றிலும் ஸ்டூலின் படத்தை ஏற்றி வைத்திருந்தான். முதலாவது இப்போது கடை நடப்பது, மாதாமாதம் வாடகை. பார்க்கப் பளபளவென்று இருக்கும். இரண்டாவது இலவசம், ஆனால் இடம் பிடிப்பது, பூட்டுப் போடுவது, பழுது பார்ப்பது எல்லாம் நாமே செய்ய வேண்டும். அதை ஒரு ராத்திரி திறந்து பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டான். மூன்றாவதை அவன் மதிக்கவே இல்லை. ஒரே பக்கம். மேலே படம், கீழே பெயர், முகவரி, போன் நம்பர், பணம் கட்டும் பொத்தான். கூடையே கிடையாது.

"மொத்தத்துல ஒரு ஸ்டூலு. அத்த வாங்கறதுக்கு எதுக்குடா கூடை? கையில தூக்கிகினு போய்டலாமே" என்றான் யூசுப்.

"உனுக்குத் தெரியாது. கடைன்னா கடை மாறி இருக்கணும்."

"இருக்குது இருக்குது. 'உங்களுக்கு இதுவும் பிடிக்கலாம்'னு கீழ போட்டுகீது பாரு. அதுலயும் இதே ஸ்டூலு. இத்த வாங்கலன்னா இத்த வாங்கிக்கோன்றான்."

"நைனா, கம்முனு போய் ஒக்காரு. மீனு ரெடி" என்று சுதா உள்ளேயிருந்து யூசுப்புக்குக் குரல் கொடுத்தாள்.

மூவரும் சாப்பிட்டார்கள். மழை விடவில்லை. மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கியபடி தேவா படத்தை மாற்றலாம் என்றான், நிறத்தை மாற்றலாம் என்றான். சுதா கேட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒன்று கற்றிருந்தாள். சட்டை கோணியிருந்தால் சட்டையைப் பார்த்துப் பேசிப் பயனில்லை. யார் கையில் கோணியது என்று தையல் லைனில் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

"அந்த மூணுத்தையும் என் போன்ல போட்டுக் குடு" என்றாள்.

"எதுக்கு மே?"

"செக் பண்றதுக்கு."

திங்கட்கிழமை மத்தியானம் சைக்கிள் ஷெட்டில் சாப்பாடு. எஸ்டேட் ரோட்டில் முழங்காலளவு தண்ணீர் நின்றதால் பெண்கள் எல்லோருமே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பாவாடை ஓரங்கள் இன்னும் காயவில்லை. காலர் தைக்கும் நாகவல்லி தூணில் முதுகைச் சாய்த்துக் கால்களை நீட்டியிருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள். லைனில் அவளை மீறி யாரும் பேசுவதில்லை. சுதா தன் போனை அவள் மடியில் வைத்தாள். முதல் கடை திறந்திருந்தது.

"அக்கா, இதுல ஒரு ஸ்டூலு வாங்கு. நான் ஒண்ணியும் சொல்லித்தர மாட்டேன். நீயே பண்ணு."

நாகவல்லி விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தைத் தள்ளிப் பார்த்தாள். 'கூடையில் போடு' என்ற பொத்தானை அழுத்தினாள். மேல்மூலையில் கூடையின் தலையில் '1' என்று எண் வந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

சுதா காத்திருந்தாள். நாகவல்லி புளிசாதத்தைப் பிசைந்தாள்.

"அக்கா, அப்பால?"

"அப்பால இன்னா? போட்டாச்சு."

"துட்டு கட்டல, அட்ரஸ் போடல?"

"துட்டு ஸ்டூலு வந்தா குடுக்கறேன். அட்ரஸ் எதுக்குடி, என் ஊடு உனுக்குத் தெரியாதா?" நாகவல்லி ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். போன புதன்கெழமயே நானு என் போன்ல போட்டுட்டேன். இன்னும் உன் ஊட்டுக்காரு அனுப்பல. வேல ஜாஸ்தி போலன்னு கம்முனு இருந்தேன்."

சுதா கூடையின் தலையிலிருந்த '1'-ஐப் பார்த்தாள்.

லைனில் அப்படித்தான். காலரை முடித்துக் கட்டுக் கட்டி அடுத்தவளின் ட்ரேயில் போட்டுவிட்டால் உன் வேலை தீர்ந்தது. அதை எடுக்க வேண்டியவள் எடுப்பாள். எடுத்தாளா என்று எட்டிப் பார்த்தால், "என் ட்ரேயில உனக்கு இன்னா வேல?" என்று சண்டை வரும். இருபது வருடமாக ட்ரேயில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிய கைகள் கூடையிலும் அப்படியே போட்டிருக்கின்றன.

அவள் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, போன் திரையில் கூடைப் படத்தின்மேல் ஒட்டினாள். அம்பு நேராக அதைக் காட்டியது.

"இன்னாடி போனையே ஆல்டர்ல போட்டுட்டே?" என்று நாகவல்லி சிரித்தாள்.

"தப்பு அங்கதான் கீதுக்கா."

சாப்பாட்டு நேரம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. சுதா கால் வலியோடு ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். பட்டன் வைக்கிறவள், அயர்னிங்கில் இரண்டு பேர், கை தைக்கிற லைனில் நான்கு பேர். "நானும் போட்டுட்டேன் சுதா." "எனுக்கு ஊதா கலரு சீட்டு சொன்னேனே, வருமா?" "என் மாமியாக்குன்னு போட்டேன், அது தெனம் கேக்குது." அவள் விரல்விட்டு எண்ணினாள். எட்டு. சாயங்காலம் கேட்டருகில் இன்னும் மூன்று பேர். கைவிடப்பட்ட கூடை என்று ஒன்றுகூட அங்கே இல்லை. பதினோரு பெண்கள் பதினோரு ஸ்டூல்களுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மற்ற இரண்டையும் சோதித்தாள். இரண்டாவதில் நான்கு பேரில் நான்கு பேருமே கூடையில் போட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவதைக் கொடுத்தபோது நாகவல்லி முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, ரேஷன் கார்டு பாரம் மாறி கீது." ஆனால் போனை வைக்கவில்லை. பெயரை நிரப்பினாள், முகவரியில் தெருவை இரண்டு முறை எழுதினாள், பணம் கட்டும் இடம் வரை போய்விட்டு, "கட்டட்டுமா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். போட்டுவிட்டு எழுந்துபோக அங்கே எந்த இடமும் இல்லை.

அன்று சாயங்காலம் தேவா ஷெட்டிலிருந்து வந்து கை கழுவுவதற்குள் சுதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் சோப்பு நுரையோடு நின்றான்.

"அதுங்களுக்குத் தெரியலன்னா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதா? எல்லாக் கடையிலயும் கூடைதான் கீது."

"எல்லாக் கடையிலயும் நூறு சாமான் கீது. நம்மகிட்ட ஒண்ணு."

"நாளைக்கு ரெண்டாவது சாமான் பண்ணா?"

"நாளைக்குப் பண்ணா நாளைக்குக் கூடை வாங்கிக்கலாம். இந்த ஸ்டூலு யாருக்கு? கால் வலிக்காரங்களுக்கு. அவங்கதான் இது மாறிப் போடுவாங்க. அந்தக் கடையில, ஸ்டூலு ஒசரத்துக்காக சமையல் மேடை எவ்ளோ ஒசரம்னு கேக்க ஒரு கட்டம் வேணும்னு சாஃப்ட்வேர்காரன்கிட்ட கேட்டேன். அதுக்குத் தனியா துட்டுன்னான். இந்த ஒத்தப் பக்கத்துல சொம்மாவே வெச்சுக்கலாம்."

தேவா கையைக் கழுவினான். துண்டை எடுத்தான். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அது கடை மாறியே இல்ல சுதா."

அவள் ரசத்தில் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள்.

"இருவத்தியொரு வருசம் பாகம் பாகமா பண்ணிக் குடுத்தேன். எந்த வண்டியில எந்த எடத்துல போய் ஒக்காந்துகீதுன்னு எனுக்கே தெரியாது. ஒண்ணுத்துல என் பேரு கெடையாது. இது மட்டும் மேல பேரு போட்டு, மூலையில கூடை போட்டு, பெரிய கடைங்க மாறி…" அவன் துண்டைக் கொடியில் போட்டான். "ராத்திரி தூக்கம் வரலன்னா தொறந்து பாப்பேன். அவ்ளோதான்."

சுதா அடுப்பை அணைத்தாள். ரசம் கொதிப்பது அடங்கியது. பிறகு அவள் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதில் சாய்ந்தான். தான் செய்த ஸ்டூலில் அவன் ஒருநாளும் ஐந்து நிமிடம் சாய்ந்தது கிடையாது.

"இந்தப் பக்கத்துலயும் மேல பேரு போடலாம். நான் பாத்தேன்" என்றாள்.

"எம்மாம் பெருசா?"

"படத்த வுடப் பெருசா வேணாம்."

அவன் சாப்பிட உட்காரும்போது, "சரி, அந்த வாடகை சாஃப்ட்வேர்காரனுக்கு இன்னியோட முடிச்சுர்றேன்" என்றான். தோற்றுப்போன குரல் இல்லை. களைத்துப்போன குரல்.

புதன்கிழமை புதுப் பக்கம் சுதாவின் போன் நம்பரோடு திறந்தது. சுதா பதினோரு பேரிடமும் போய்ச் சொன்னாள். ஐந்து பேர் பணம் கட்டினார்கள். நாகவல்லிதான் முதலில். மூன்று பேர் சம்பளம் வரட்டும் என்றார்கள். மற்ற மூன்று பேர், கூடையில் போடும்போது ஆசையாக இருந்தது, இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள். யாரோ யாருக்கோ அனுப்பி, ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பக்கத்தின் லிங்க் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஒன்று. வெள்ளிக்கிழமை பட்டாபிராமிலிருந்து ஒன்று. ஏழு.

பத்து இல்லை. சனிக்கிழமை காலை புறப்படும்போது தேவா வாசல்வரை வந்தான்.

"இன்னா பண்ணப் போற?"

"தெரியல. ஏழு ஸ்டூல நம்பி வேலய வுட முடியாது. கையெழுத்து போட்டுட்டு அப்பால பாக்கலாம்."

"அஞ்சேகால் மணிக்கு பஸ்ஸு மே."

"தெரியும்."

"வர்றப்போ எட்டு."

"தெரியும்யா." அவள் குடையை விரித்தாள். "போடலன்னா உனுக்கு பயமா இல்ல?"

"பயமாத்தான் கீது" என்றான் தேவா.

ஷிப்ட் முடிந்ததும் ஆபீஸ் வராந்தாவில் வரிசை நின்றது. ஜன்னலுக்கு உள்ளே ஹெச்.ஆர். ரவிச்சந்திரன் தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். சுதாவின் கையில் தாளும் பேனாவும் இருந்தன. பெயரையும் டோக்கன் நம்பரையும் நிரப்பிவிட்டாள். கையெழுத்துக்கான இடம் மட்டும் மிச்சம். முன்னால் நான்கு பேர். காலையிலிருந்து நின்ற கால்கள் சிமென்ட் தரையைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கெஞ்சின. அவள் எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றினாள்.

போன் அடித்தது. தெரியாத எண்.

"யாரும்மா, ஸ்டூல் கடைங்களா?" ஒரு பெண் குரல், நிதானமாக. "நான் மாங்காட்டுலேர்ந்து ஜெகதாம்பாள் பேசறேன். உங்க பாரத்துல மேடை உயரம்னு கேட்டிருக்கு. அது எங்கேர்ந்து எங்க அளக்கணும்னு புரியல. அதான் போன் போட்டே கேட்டுக்கலாம்னு."

வராந்தாவில் பேச்சுச் சத்தம் அதிகமாக இருந்தது. சுதா ஒரு காதைப் பொத்திக்கொண்டு வரிசையிலிருந்து இரண்டடி விலகினாள். "தரையிலேர்ந்து மேடையோட மேல் வெளிம்பு வரைக்கும்மா. உங்கள்ட்ட டேப்பு கீதா?"

"இருக்கும். இரு, தேடறேன். வச்சிடாத."

"வெக்க மாட்டேம்மா. நிதானமா தேடுங்க."

மறுமுனையில் டிராயர் திறக்கும் சத்தம், பாத்திரம் நகரும் சத்தம், மெதுவாக நடக்கிற ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சத்தம். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவள் சுதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னே போனாள். இன்னொருத்தியும் போனாள். சுதா வராந்தாப் படியில் உட்கார்ந்தாள்.

"யம்மா சுதா! நீ குடுக்கலயா?" ரவிச்சந்திரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "மூடப் போறேன்."

அவள் கையைக் காட்டினாள், ஒரு நிமிடம் என்று.

"கெடச்சுடுச்சு. அளந்துட்டேன்" என்றது போன். "முப்பத்தி ஒண்ணரை இஞ்சு. சரியா இருக்குமா? அந்தக் காலத்து மேடை, கொஞ்சம் தாழ்வு."

"ஸ்டூலு கால ரெண்டு இஞ்சு கொறச்சுப் பண்ணிரலாம். சமைக்கறப்போ செருப்பு போடுவீங்களா, வெறுங்காலா?"

"வெறுங்கால்தான். ஏன்?"

"அர இஞ்சு மாறும்மா. எந்தக் கால்ல வலி ஜாஸ்தி?"

அங்கே டேப் சுருளும் சத்தம் கேட்டது. பிறகு, "வலது" என்றாள் ஜெகதாம்பாள். யாரும் இதுவரை கேட்காததைக் கேட்டுவிட்டது போல அந்தக் குரல் மாறியிருந்தது.

எழுத வேறு காகிதம் இல்லை. சுதா தாளை முழங்காலில் வைத்து, கையெழுத்துக்கான கோட்டின்மேல் முப்பத்தி ஒண்ணரை என்று எழுதினாள். அதன் கீழே வெறுங்கால். அதன் கீழே வலது.

ரவிச்சந்திரன் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "பேப்பர பாழாக்கிட்டியேம்மா. வேற ஒண்ணு தரவா? சீக்கிரம் சொல்லு."

சுதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார்.

"யாரோ கூப்பிடறாங்களே" என்றாள் ஜெகதாம்பாள். "வேலையா இருக்கியாம்மா? அப்புறம் பண்ணட்டுமா?"

"வேலையாத்தான் கீறேம்மா" என்றாள் சுதா. "சொல்லுங்க, மாங்காட்டுல எந்தத் தெரு?"